பிடித்துக்கொண்ட பிரேக்கைக் கழற்றி எறியலாமா?

சேற்றுழவு முடிந்து, வடகிழக்குப் பருவமழையில் ஒன்றிரண்டு மாதங்கள் சும்மா நின்ற பழைய டிராக்டரை அறுவடைக்காக மீண்டும் கிளப்பும்போது ஒரு தொல்லை வருவது உண்டு. என்ஜின் ஓடும். கியரும் விழும். ஆனால் வண்டி நகர மறுக்கும். அல்லது ஒரு பக்கத்துச் சக்கரம் உருளாமல் மண்ணைக் கீறிக்கொண்டு வரும். பிரேக் பிடித்துக்கொண்டுவிட்டது என்பதே இதன் பொருள். டிரெய்லரிலும் பழைய ஜீப்பிலும் இதே தொல்லை உண்டு.

இந்நிலையில் பல ஊர்களில் என்ன செய்கிறோம்? வேறொரு டிராக்டரைக் கட்டி வண்டியை இழுக்கிறோம். அதற்கும் மசியாவிட்டால் டிரம்மைத் திறந்து, ஷூக்களைக் கழற்றிச் சாக்கில் போட்டுவிட்டு, பிரேக் இல்லாமலே வண்டியை ஓட்டுகிறோம். 'அறுவடை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லிக்கொள்கிறோம். அறுவடை முடிகிறது. அடுத்த அறுவடையும் முடிகிறது. ஷூக்கள் சாக்கிலேயே கிடக்கின்றன.

இந்த வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிடித்துக்கொண்ட பிரேக்கை விடுவிப்பது பெரும்பாலும் ஒரு நாள் வேலை. முறையாகச் செய்தால் அதிகச் செலவும் இல்லை. ஆனால் பிரேக் இல்லாத வண்டி வாங்கும் விலையை எந்தச் சிறு விவசாயியாலும் கொடுக்க முடியாது.

சேற்றில் பிரேக் எதற்கு?

பிரேக்கைக் கழற்றுவோர் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். 'வயலில் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறோம். சேறே வண்டியை நிறுத்திவிடும். பிரேக் எதற்கு?' என்பார்கள். 'நடவு ஆட்கள் காத்திருக்கும்போது பட்டறைக்குப் போய் உட்கார முடியுமா?' என்றும் கேட்பார்கள். இவை இரண்டும் உண்மையே. பருவம் தவறினால் நட்டம் என்பது விவசாயிக்குத்தான் தெரியும்.

ஆனால் டிராக்டர் வயலிலேயே நின்றுவிடுவதில்லை. வரப்பு ஏறி, வாய்க்கால் பாலம் தாண்டி, ஏரிக்கரை ஏறி இறங்கித்தான் வீடு திரும்புகிறது. பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் 5 டன் எடையுள்ள வண்டியும் பாரமும் இறங்கினால், சுமார் 500 கிலோ எடை பின்னாலிருந்து தள்ளுவதற்குச் சமம். அந்த நேரத்தில் கியர் நழுவினால் வண்டியைத் தடுக்க எதுவும் இல்லை.

சமதரையிலும் ஆபத்து குறைவில்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஓட்டுநர் குறுக்கே வரும் குழந்தையைப் பார்த்து, காலைப் பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே ஏறக்குறைய ஐந்து மீட்டர் போய்விடும். வண்டி நிற்பதற்கு ஆகும் தூரம் அதற்கு மேல். டிராக்டரின் எடை 1.7 டன், டிரெய்லரும் நெல் மூட்டைகளும் சேர்ந்து 4 டன் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாவிட்டால், டிராக்டரின் பிரேக் தன் எடையைப் போல் மும்மடங்குக்கு மேற்பட்ட பாரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தப் பிரேக்கும் இல்லையென்றால் என்னவாகும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் கழற்றுவது இன்னும் மோசம். டிராக்டரில் வலது, இடது சக்கரங்களுக்குத் தனித்தனிப் பெடல் உண்டு. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு பக்கத்தில் ஷூ இல்லாமல் இணைந்த பெடலை அவசரத்தில் மிதித்தால், ஷூ உள்ள பக்கத்துச் சக்கரம் மட்டும் நிற்கும். வண்டி அந்தப் பக்கமாகச் சட்டென்று திரும்பும். பின்னால் பாரம் தள்ளும்போது இவ்வாறு திரும்பும் டிராக்டர் கவிழ்வதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

ஏன் பிடித்துக்கொள்கிறது?

மாஸி பெர்குசன் 35, ஃபோர்டு 3000 போன்ற பழைய டிராக்டர்களில் இருப்பது உலர் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்பு டிரம்முக்குள், லைனிங் ஒட்டிய இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. பெடலை மிதித்தால் ஒரு காம் திரும்பி, ஷூக்களை அகட்டி டிரம்மோடு உராய வைக்கிறது. காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் ஷூக்களைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. ஜீப்பிலும் சில டிரெய்லர்களிலும் காமுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சிறிய சிலிண்டர் இந்த வேலையைச் செய்கிறது.

இது பிடித்துக்கொள்ளப் பல காரணங்கள் உண்டு. முதல் காரணம், சேற்று நீர். கேஜ் வீல் மாட்டி நாள் முழுதும் தொளியில் ஓட்டும்போது டிரம்முக்குள் நீரும் களிமண்ணும் புகுகின்றன. அப்படியே நிறுத்தினால் லைனிங் படிந்த இடத்தில் டிரம் துருவேறி, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. உப்பு மண் உள்ள கடலோரப் பகுதிகளில் இது விரைவாக நடக்கும். உரம் ஏற்றிய டிரெய்லரிலும் அப்படியே. சிந்திய உரம் ஈரத்தில் கரைந்து இரும்பை அரிக்கும்.

இரண்டாவது காரணம் நமது பழக்கம். பிரேக்கை மிதித்துப் பூட்டிவிட்டு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துகிறோம். ஷூ டிரம்மோடு அழுந்தியே இருப்பதால் துரு எளிதில் இணைத்துவிடுகிறது. மூன்றாவது, காம் தண்டில் பழைய கிரீஸ் காய்ந்து இறுகுவது, அல்லது பெடல் தண்டு துருப்பிடிப்பது. நான்காவது, ஸ்பிரிங் தளர்வது. எண்ணெய்ப் பிரேக்காக இருந்தால் சிலிண்டரில் பிஸ்டன் துருவேறுவதும், ரப்பர் குழாய் உள்ளே உப்பி அடைத்துக்கொள்வதும் உண்டு.

எங்கே பிடித்திருக்கிறது?

காரணம் தெரியாமல் சுத்தியலை எடுக்கக் கூடாது. முதலில் பெடலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் கோளாறு பெடல் தண்டிலோ கம்பியிலோ இருக்கிறது; டிரம்மைத் தொடவே தேவையில்லை. விடுபடாவிட்டால் காமின் நெம்பைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நெம்பு அசையாவிட்டால் காம் தண்டு இறுகியிருக்கிறது. நெம்பு நன்றாக அசைந்தும் சக்கரம் சுற்றவில்லை என்றால் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது.

எண்ணெய்ப் பிரேக்கில் காற்று நீக்கும் சிறிய திருகைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், குழாயிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ அடைப்பு. விடுபடாவிட்டால் குறை சக்கரத்தருகில். இந்த எண்ணெய் கண்ணில் படக் கூடாது, பெயிண்டையும் அரித்துவிடும்.

டிரம்மைத் திறக்கும் முன் உங்கள் வண்டியின் பிரேக் எந்த வகை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் பிரேக் உள்ள பிற்கால டிராக்டர்களுக்கு இங்கே சொல்லும் முறை பொருந்தாது. அவற்றைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

உயிருக்கு முதல் பாதுகாப்பு

கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். டிரெய்லரையும் கலப்பையையும் கழற்றிவிடுங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிரேக்கை விடுவித்த நொடியில் வண்டி உருளக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியால் தூக்க வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. அச்சுக் கூட்டின் கீழ் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் வண்டியின் எடையை இறக்க வேண்டும். செங்கல், கருங்கல் துண்டு இவற்றை வைக்கவே கூடாது. செங்கல் எந்த எச்சரிக்கையும் தராமல் நொறுங்கும். பின்சக்கர டயரில் பாரத்துக்காக நீர் நிரப்பியிருந்தால் அந்தச் சக்கரத்தை ஒரே ஆள் கழற்ற முயலக் கூடாது. சாய்ந்தால் தாங்க முடியாது.

இன்னொன்று. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருப்பது உண்டு. அதன் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. ஆகவே டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், காற்று பம்பால் அடிப்பதும், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் கூடாது. சோப்பு நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் புதைத்துவிட வேண்டும். வீட்டுப் பிள்ளைகளை அருகில் நிறுத்தாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகமூடி போடுங்கள். வெறும் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது.

விடுவிக்கும் முறை

மெதுவான வழியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெறும் துருவால் ஒட்டிய ஷூவாக இருந்தால், சக்கரம் தரையில் இருக்கும்போதே, சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில், தாழ்ந்த கியரில் கிளட்சை மெல்ல விட்டு முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பின்பக்க அசைவில் 'டக்' என்று விடுபடுவது உண்டு. இரண்டு மூன்று முறையில் விடாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். மேலும் வற்புறுத்தினால் கிளட்சும் கியரும் கெடும். வேறு வண்டி கட்டி இழுப்பதும் தவறு. லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் சிக்கிக்கொள்ளும். பிறகு டிரம்மே போய்விடும்.

அடுத்து, வண்டியை மேலே சொன்னபடி கட்டைமேல் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நாட்பட்ட டிரம்மில் ஷூ தேய்த்த இடம் பள்ளமாகி, விளிம்பில் ஒரு வரப்பு எழும்பியிருக்கும். ஷூவைச் சுருக்காமல் டிரம்மை இழுத்தால் அந்த வரப்பில் ஷூ மாட்டிக்கொள்ளும். எவ்வளவு அடித்தாலும் வராது. அட்ஜஸ்டரே துருப்பிடித்திருந்தால் அதைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். அந்த எண்ணெய் லைனிங்மேல் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் குடித்த லைனிங் பிறகு பிடிக்காது.

டிரம் அச்சில் உட்காரும் நடுப்பகுதியிலும் அதே எண்ணெயைக் கொஞ்சம் விடுங்கள். மறுநாள் காலையில் டிரம்மின் முகப்பில், போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட இடத்தில், கொட்டாப்புளியால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல்தான் இருக்கிறதென்றால் நடுவே கெட்டியான மரத்துண்டை வைத்து அடிக்க வேண்டும். ஓங்கி ஓர் அடி அடிப்பதைவிட மிதமாக நூறு அடி அடிப்பது பயன் தரும்; அந்த அதிர்வுதான் துருவை விடுவிக்கிறது. டிரம்மின் விளிம்பில் மட்டும் அடிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். விரிசல் விட்ட டிரம்மை வெல்டிங் செய்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சில டிரம்களில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். டிரம்மைத் தள்ளி எடுப்பதற்காகவே அவை இருக்கின்றன. அளவான போல்ட்டுகளை அவற்றில் பொருத்தி, ஒன்றுக்குக் கால் சுற்று, மற்றதற்குக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் நேராக வெளியே வரும். இல்லாவிட்டால் பட்டறையில் உள்ள புல்லரைப் பயன்படுத்த வேண்டும். கேஸ் சுடர் வைத்துக் காய்ச்சுவது கடைசி வழி. அதைப் பழகிய மெக்கானிக்தான் செய்ய வேண்டும். ஆயில் சீல் கருகுவதும், பக்கத்து டயர் வெடிப்பதும் அதில் உள்ள அபாயங்கள்.

திறந்த பிறகு

டிரம் கழன்றதும் பாதி வேலைதான் முடிந்தது. எதனால் பிடித்தது என்பதைச் சரிசெய்யாமல் மூடினால் அடுத்த மழையில் மீண்டும் பிடிக்கும்.

டிரம்மின் உட்புறத்தை ஈரமாக்கி உப்புத்தாளால் துரு நீங்கத் தேய்க்கலாம். லைனிங்கில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். லைனிங் ரிவெட் தலைமட்டம் வரை தேய்ந்திருந்தாலோ, வெடித்திருந்தாலோ, எண்ணெய் குடித்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். பெட்ரோலில் கழுவினால் எண்ணெய் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. உள்ளே ஊறியது சூடேறும்போது மீண்டும் வெளியே வரும். எண்ணெய் எங்கிருந்து கசிந்தது என்று பார்த்து, முதலில் ஆயில் சீலை மாற்ற வேண்டும். லைனிங்கை இரு பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்றுவது அவசியம். ஸ்பிரிங்குகளையும் அப்படியே. கடைக்குப் பழைய ஷூவை எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

காம் தண்டை வெளியே எடுத்துத் துருவை நீக்கி, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். அதிகமாக வைத்தால் உருகி லைனிங்கில் இறங்கும். எண்ணெய்ப் பிரேக்கில் சிலிண்டர் துருப்பிடித்திருந்தால் அதன் ரப்பர்களை மட்டும் மாற்றி ஒப்பேற்றாமல், சிலிண்டரையே மாற்றுவது நல்லது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். வண்டிப் புத்தகத்தில் எந்த எண்ணெய் குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். சாதாரண என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் உப்பி, பிரேக் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

மூடிய பின், சக்கரம் சுற்றாத அளவுக்கு அட்ஜஸ்டரை இறுக்கி, பிறகு சக்கரம் உராயாமல் சுற்றும்வரை தளர்த்துங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சக்கர நட்டுகளை முழுதாக இறுக்கிய பிறகு, பெடல்களை இணைத்து, ஆளில்லாத காய்ந்த நிலத்தில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். மண்ணில் இரு சக்கரத் தடமும் ஒன்றுபோல் விழுந்து, வண்டி நேராக நின்றால் வேலை சரி. ஒரு பக்கம் இழுத்தால் மீண்டும் அட்ஜஸ்ட் செய்யாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது.

வருமுன் காக்கலாம்

இவ்வளவு பாடும் வேண்டாமென்றால் வழி எளியது. சேற்றிலிருந்து ஏறியதும் சக்கரத்தின் உட்புறத்தைக் கழுவுங்கள். கழுவிய பின், வண்டியை அப்படியே நிறுத்தாமல், மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிக்கொண்டே பிரேக்கை இலேசாக ஏழெட்டு முறை மிதியுங்கள். அந்தச் சூட்டில் டிரம் உலரும். நீண்ட நாள் நிறுத்தும்போது பிரேக்கைப் பூட்டாமல், சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வாரம் ஒருமுறை நாலடி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாளடி உழவு முடிந்ததும், மழை வலுக்கும் முன், ஆண்டுக்கு ஒருமுறை டிரம்மைத் திறந்து பாருங்கள்.

ஆயுத பூசை அன்று வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். எதற்காக? விபத்து நேரக் கூடாது என்பதற்காகத்தானே! அந்த வாரத்தில் அரை நாளைப் பிரேக்குக்கும் ஒதுக்கினால் பூசைக்குப் பொருள் இருக்கும்.

வாடகைக்கு அமர்த்துவோர் கவனத்துக்கு

சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயிகள், இது தமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று நினைக்க வேண்டாம். உங்கள் வயலுக்கு வருவது பெரும்பாலும் வாடகை வண்டி. நெல் மூட்டைமேல் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும், நடவுக்கும் அறுப்புக்கும் வந்த பெண்களும் ஏறி உட்கார்ந்து வருகிறார்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவதே தவறு. பிரேக் இல்லாத வண்டியில் அது உயிரோடு விளையாடுவது.

ஆகவே மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் 'பிரேக் இருக்கிறதா?' என்று கேளுங்கள். கண் முன்னே ஓட்டி, மிதித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. காசு கொடுப்பவர் நீங்கள். நாலு பேர் கேட்கத் தொடங்கினால் சாக்கில் கிடக்கும் ஷூக்கள் தாமாக வண்டிக்குத் திரும்பிவிடும். ஆபத்தான குறையுள்ள வண்டியைத் தெரிந்தே பொது இடத்தில் ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி குற்றம் என்பதையும் உரிமையாளர்கள் அறிய வேண்டும்.

ஓட்டுநர்களுக்கும் ஒரு சொல். பிரேக் இல்லாத வண்டியை ஓட்டச் சொன்னால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வண்டி கவிழ்ந்தால் முதலில் அடியில் சிக்குபவர் நீங்கள்தான்.

ஒரு புல்லர், இரண்டு உறுதியான தாங்கி, ஒரு நல்ல ஜாக்கி. இவற்றை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு தொகுதியைக் கூட்டுறவுச் சங்கமோ, உழவர் குழுவோ வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். டிராக்டர் பராமரிப்புப் பயிற்சி நடத்தும் இடங்களில் பிரேக்குக்கென்று அரை நாள் ஒதுக்கி, திறந்து மூடுவதைக் கைப்பழக்கமாகவே கற்றுத்தர வேண்டும்.

உழவு மாடு நொண்டினால் கட்டிப்போட்டு வைத்தியம் பார்த்த மரபு நம்முடையது. நொண்டுகிற காலை வெட்டிவிட்டு யாரும் ஏர் பூட்டவில்லை. டிராக்டருக்கும் அந்த நியாயம்தான். பிடித்துக்கொண்ட பிரேக்கை விடுவியுங்கள், கழற்றி எறியாதீர்கள்.